பூந்தொட்டிப் பாம்பும் ஆணில்லா மனித இனமும்

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில், காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், விரிசல் விட்ட துளசித்தொட்டியை மாற்றிக்கொண்டிருந்தேன். செடியை வேரோடு தூக்கியதும், கறுப்பாகப் பளபளத்த ஒன்று செம்மண்ணோடு நெளிந்து விழுந்தது. மண்புழு என்றுதான் அக்கா மகள் நினைத்தாள். குனிந்து பார்க்கச் சொன்னேன். புழுவுக்கு உள்ள வளையங்கள் இல்லை, வழவழப்பான செதில்கள் இருந்தன. தலைப்பக்கம் ஊசிமுனை அளவில் இரண்டு புள்ளிகள், அவைதான் கண். நூலிழை போன்ற நாக்கு வெளியே வந்து உள்ளே போயிற்று. உள்ளங்கையில் எடுத்து வைத்ததும் வால் நுனியில் இருக்கும் சின்ன முள்ளால் குத்திப் பார்த்தது. வலிக்கவில்லை. புழுப்பாம்பு. கடிக்காது, விஷமும் கிடையாது. எறும்பு முட்டை, கறையான் முட்டை தின்று மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து முடித்துவிடும்.

"இது ஆணா பொண்ணா, சித்தி?"

"பொண்ணுதான். இந்த வகையில ஆணே கிடையாது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காரணம் இருக்கிறது. அப்போது அவள் ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருந்தாள். தூரத்துக் கோள் ஒன்றில் செட்டிநாடு போல ஓர் ஊர், அங்கே மனிதர்கள் எல்லாருமே பெண்கள். பத்துப் பக்கம் எழுதிவிட்டு மேலே நகர முடியாமல் நின்றிருந்தாள். அன்று முற்றத்தில் தொடங்கி ஒரு வாரம் இருவரும் பேசியதைத்தான், இதுபோலக் கதை எழுத ஆசைப்படும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். நான் பல வருஷம் விலங்கியல் பாடம் நடத்தியவள். அந்தப் பக்கத்திலிருந்துதான் என்னால் உதவ முடியும்.

அவளுடைய முதல் பிரதியில், ஒரு நோய் வந்து ஆண்கள் எல்லாரும் செத்துப்போகிறார்கள், பெண்கள் மிஞ்சுகிறார்கள். பெரும்பாலோர் இங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் அது ஆண்கள் இல்லாமல் போன ஊர்தானே தவிர, பெண்கள் மட்டுமே உள்ள இனம் ஆகாது. ஆண்கள் இல்லாத ஊரைப் பார்க்க நாம் வேறு கோளுக்குப் போக வேண்டியதும் இல்லை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று நகரத்தார் வீட்டு ஆண்கள் கொண்டுவிக்கப் போய், அதாவது அங்கே தொழில் நடத்தி, மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பிய காலத்தில், இங்கே வளவுகளில் ஆச்சிமார்தான் நெல் அளந்தார்கள், வட்டிக் கணக்குப் பார்த்தார்கள், கல்யாணம் பேசி முடித்தார்கள். ஆனாலும் பிள்ளை பிறக்கக் கப்பல் திரும்பி வந்தாக வேண்டியிருந்தது. கப்பலே வேண்டாம், அம்மாவிடமிருந்து மகள், அவளிடமிருந்து பேத்தி, இப்படியே ஆயிரம் தலைமுறை போகும் என்றால்தான் அது தனி இனம். ஆகவே எழுதுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அடுத்த பிள்ளை எப்படி உருவாகிறது என்பது. ஊர், சட்டம், சொந்தம், சொல் எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

அடிப்படையைப் பார்த்துவிடுவோம். மனித உடல் செல்லில் 46 குரோமோசோம்கள். முட்டையில் பாதி, அதாவது 23. மீதி 23 விந்தணுவோடு வருகிறது. ஆண் இல்லையென்றால் அந்தப் பாதியை எங்கிருந்து கொண்டுவருவது?

இயற்கை இதற்குப் பல வழி கண்டிருக்கிறது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ சாட்டைவால் ஓணான் என்று ஒன்று உண்டு. இரண்டு வேறு இன ஓணான்கள் கலந்து பிறந்த கலப்பினம், எல்லாமே பெண். முட்டை உருவாவதற்கு முன்பே குரோமோசோம்களை ஒரு முறை கூடுதலாக இரட்டித்துக்கொள்ளும்; அப்புறம் பாதியாகக் குறைத்தாலும் முழு எண்ணிக்கை நிற்கும். பிறக்கும் குட்டி அம்மாவின் அச்சு. அமேசான் மோலி என்ற சிறிய மீனின் வழி வேறு. அதுவும் முழுக்கப் பெண்தான், ஆனால் முட்டை வளரத் தொடங்குவதற்குப் பக்கத்து இனத்து ஆணின் விந்து வந்து தட்டி எழுப்ப வேண்டும். எழுப்பிவிட்டதும் அந்த விந்தின் மரபணுவைச் சேர்த்துக்கொள்வதில்லை. கதைக்கு இது அருமையான வழி, ஆனால் பக்கத்தில் ஆண்களுள்ள இன்னோர் இனம் எப்போதும் இருந்தாக வேண்டும். எங்கள் தொட்டிப் பாம்புக்கு அந்தத் தேவையும் கிடையாது. மூன்று தொகுதிக் குரோமோசோம்களோடு தானே முட்டையிட்டுத் தானே பெருகும். தொட்டி மண்ணுக்குள் ஒரே ஒரு பாம்பு இருந்தால் போதும், தொட்டி போகும் ஊரிலெல்லாம் குடும்பம் வைத்துவிடும். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களுக்கும் இப்படித்தான் பரவியிருக்கிறது. ஆணே இல்லாமல் கன்னி இனப்பெருக்கத்தில் மட்டுமே வாழ்வதாக நாம் அறிந்த பாம்பு இது ஒன்றுதான்.

இன்னொரு விஷயம் நமக்குச் சாதகமாக இருக்கிறது. 2006-ல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிச்சாலையில் கொமோடோ உடும்பு ஒன்று ஆண் துணையின்றி முட்டையிட்டது தெரியவந்தது. பிறந்த குஞ்சுகள் அத்தனையும் ஆண். அந்த இனத்தில் இரண்டு வகைப் பால் குரோமோசோமையும் வைத்திருப்பவள் பெண்தான் என்பதால் அப்படி. மனிதரில் இது தலைகீழ். பெண்ணிடம் ஒய் குரோமோசோம் கிடையாது, ஆகவே அவள் தனியாகப் பெற்றால் மகள் மட்டுமே பிறப்பாள்.

சரி, அப்படியென்றால் மனிதரில் ஏன் ஒருபோதும் நடப்பதில்லை? வடிவமைப்பில் உண்மையான முட்டுக்கட்டை இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் மகள் சீருக்காகப் பெட்டகத்தைத் திறந்து பாத்திரங்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒரே அளவு, ஒரே வார்ப்பு, இரண்டு பித்தளை அண்டாக்கள். திருப்பிப் பார்த்தால் ஒன்றின் விளிம்பில் பிறந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கிறது, மற்றதில் புகுந்த வீட்டு விலாசம். எது யார் கொடுத்தது, எதை எந்த விசேஷத்துக்கு எடுக்க வேண்டும் என்பதை அந்த எழுத்துதான் சொல்கிறது. நம் மரபணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பெயர் வெட்டு கிடையாது. அம்மா கொடுத்தாலும் அப்பா கொடுத்தாலும் ஒரே வேலை. ஆனால் நூற்றுச் சொச்சம் மரபணுக்களில் மட்டும், கொடுத்தவர் யார் என்ற ரசாயனக் குறி இருக்கிறது. அப்பா பெயர் உள்ளது மட்டும் வேலை செய்யும், அம்மா பெயர் உள்ளது தூங்கும். வேறு சிலவற்றில் நேர்மாறு. இதை மரபணு முத்திரை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய பெயர் அழிக்கப்பட்டு, முட்டையில் அம்மா பெயரும் விந்தில் அப்பா பெயரும் புதிதாக வெட்டப்படுகின்றன.

1984-ல் கேம்பிரிட்ஜில் அசிம் சுரானியின் குழுவும், அமெரிக்காவில் மெக்ராத், சோல்ட்டர் இருவரும் இதை எலிகளில் காட்டினார்கள். இரண்டு பாதியையும் அம்மாக்களிடமிருந்தே எடுத்துக் கரு உண்டாக்கினால், கரு கொஞ்ச நாள் வளரும். அதற்குச் சோறு ஊட்ட வேண்டிய நஞ்சுக்கொடி சரியாக உருவாகாது. இரண்டும் அப்பாக்களிடமிருந்து வந்தால் நஞ்சுக்கொடி மட்டும் ஓரளவு வளரும், கரு தேறாது. மனித உடலிலும் இதன் நிழல் உண்டு. சில பெண்களின் சூலகத்தில் முட்டை தானாகவே வளரத் தொடங்கிவிடும். அது குழந்தை ஆவதில்லை. முடியும் பல்லும் கலந்த ஒரு கட்டியாக முடிந்து, அறுவை மேசைக்கு வருகிறது.

ஆகவே ஆணில்லா மனித இனத்தைப் படைக்கிறவர் இந்தப் பெயர் வெட்டுக்கு வழி சொல்லியே தீர வேண்டும். வழி இருக்கிறது. 2004-ல் டோக்கியோ வேளாண் பல்கலைக்கழகத்தில் தோமோஹிரோ கோனோவின் குழு இரண்டு அம்மாக்கள் மட்டும் உள்ள எலி ஒன்றைப் பிறக்கவைத்தது. ஜப்பானிய நாட்டுக்கதை ஒன்றில் மூங்கிலுக்குள் கண்டெடுக்கப்பட்ட இளவரசியின் நினைவாக அதற்குக் காகுயா என்று பெயர். அவர்கள் செய்த உபாயம் அழகானது. ஒரு முட்டையை வளர்ந்த எலியிடமிருந்து எடுத்தார்கள். இன்னொன்றை, அப்போதுதான் பிறந்த எலிக்குட்டியிடமிருந்து. குட்டியின் முட்டையில் இன்னும் பெயர் வெட்டி முடிந்திருக்காது. அதோடு ஒரு மரபணுப் பகுதியையும் நீக்கி, அப்பா பெயர் இருப்பதுபோல நடந்துகொள்ளச் செய்தார்கள். 450-க்கும் மேற்பட்ட முட்டைகளில் முயன்று, முழுதாக வளர்ந்தது காகுயா ஒன்றுதான். அப்புறம் 2022-ல் சீன ஆய்வாளர்கள் ஒரே ஒரு எலியின் ஒரே முட்டையில் ஏழு இடங்களில் முத்திரையை மாற்றி எழுதி, வளர்ந்து குட்டியும் போட்ட ஒரு பெண் எலியை உண்டாக்கிக் காட்டினார்கள்.

இதைக் கேட்டதும் அக்கா மகள் தன் இனத்தின் உடலை இப்படித் தீர்மானித்தாள். அந்தப் பெண்களின் சூலகத்தில் இரண்டு விதமான முட்டை உருவாகும். ஒன்று பெயர் வெட்டிய முட்டை, அதைச் சுமப்பவள் தன்னிடமே வைத்துக்கொள்வாள். மற்றது பெயர் வெட்டாமலே முதிரும் முட்டை, அதை இன்னொருத்திக்குக் கொடுப்பாள். கண்டுபிடிப்பு அவளுடையது. எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு திருத்தம் மட்டும் சொன்னேன். மனித முட்டைக்கு விந்து மரபணுவை மட்டும் கொண்டுவருவதில்லை. செல் இரண்டாகப் பிரிவதற்கான சென்ட்ரியோல் என்ற சிறு உறுப்பையும், தூங்கும் முட்டையை எழுப்பும் கால்சியம் அலையைத் தொடங்கிவைக்கும் புரதத்தையும் கொண்டுவருகிறது. இவற்றைக் கொடுக்கும் முட்டைக்குள் வைக்க மறக்காதே என்றேன். இரண்டாவது, கொடுக்கும் முட்டையைச் சின்னதாக்கி, வால் வைத்து நீந்தவிடாதே. உயிரியலில் பெரிய பாலணு தருபவள் பெண், சிறிய பாலணு தருபவன் ஆண், அவ்வளவுதான் இலக்கணம். முட்டை சிறுத்து நீந்தத் தொடங்கினால் உன் மக்கள் எல்லாரும் மண்புழுவைப் போல இருபால் உயிர்களாகிவிடுவார்கள். அதுவும் நல்ல கதைதான், ஆனால் நீ எழுத நினைத்த கதை அது இல்லை. நீந்த முடியாத முட்டையை ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு யார் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்ற கேள்வி அப்போது வந்தது. அவள் ஊரில் மருத்துவச்சிதான் இன்று மிகப் பெரிய ஆள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, நகலெடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். கல்யாண வீட்டில் வாழையடி வாழையாகத் தழைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம். வாழையடியில் வரும் வாழை, தாய் மரத்தின் நகல்தான். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை தொட்டிப் பாம்பைப் போலவே மூன்று தொகுதிக் குரோமோசோம் உள்ளவை. விதை பிடிக்காது, பக்கக்கன்று வைத்துத்தான் பெருக்குகிறோம். ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட க்ரோ மிஷெல் என்ற வாழை, 1960-களுக்குள் பனாமா வாடல் நோயில் சந்தையை விட்டே போய்விட்டது. ஒரு மரத்தை வீழ்த்தத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லா மரத்தையும் வீழ்த்தத் தெரிந்திருந்தது. அதன் இடத்துக்கு வந்தது கேவண்டிஷ் கூட்டம். ரோபஸ்டா என்று நாம் வாங்கும் பச்சைப்பழம் அந்தக் கூட்டம்தான். நகல் மனிதர்களுக்கும் இதே கதி. அதோடு, ஒவ்வொரு தலைமுறையிலும் சேரும் சின்னச் சின்ன மரபணுப் பிழைகளைக் கழிக்கவும் வழியில்லாமல் போகும். கலப்பு இருந்தால்தான் பிழை உள்ளவை சில பிள்ளைகளில் ஒதுங்கி, மற்றவை தப்பிக்கும். டெல்லாய்டு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான வருஷமாக ஆணின்றித் தாக்குப்பிடித்திருப்பதாகத் தெரிகிறது. அவை வெளி உயிர்களின் மரபணுத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். மனித உடலுக்கு அந்த வசதியைக் கொடுத்தால் படிப்பவர்கள் நம்புவது கஷ்டம். இரண்டு அம்மா வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

இனம் எப்படித் தோன்றியது என்று சொல்ல ஒரு நல்ல விதை நம் கரும்புக்காட்டிலேயே இருக்கிறது. தண்டுத் துளைப்பானுக்கு எதிராக விவசாயிகள் இலையில் கட்டும் அட்டையில் டிரைக்கோகிரம்மா என்ற பொடிக் குளவி இருக்கும். அந்தக் குளவிக் குடும்பத்தில் சில வகைகளில், வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ளே குடியேறி, பெண் தனியாகவே பெண்களைப் பெறும்படி மாற்றிவிடுகிறது. 1990-ல் அவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் திரும்பப் பிறந்தன. ஒரு மாத்திரையில் இனமே மாறிவிடும் என்பதைக் கதைக்காரர் கையில் கொடுத்தால் போதும், அவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது கணக்கு. நம் ஊரில் 50 பெண், 50 ஆண், ஒவ்வொருத்திக்கும் இரண்டு பிள்ளை என்றால் தலைமுறைக்குத் தலைமுறை 100 பேர்தான். எல்லாருமே பெண், எல்லாரும் இரண்டு பெறுகிறார்கள் என்றால் 100 பேர் பத்துத் தலைமுறையில் 1,02,400. மழையை நம்பி ஊருணி வெட்டி வாழும் ஊர் இதைத் தாங்காது. ஆக, அந்த ஊரில் ஒருத்தி ஒரு பிள்ளை சுமந்தால் போதும். இங்கேதான் சொந்தங்கள் நிறம் மாறுகின்றன. நகல் இனத்தில் ஒருத்திக்கு ஒருத்தி என்றால் அக்கா தங்கை கிடையாது. அக்கா தங்கை இல்லையென்றால் சித்தி கிடையாது, பெரியம்மா கிடையாது. அம்மா, ஆயா, கொள்ளுப்பாட்டி என்று ஒற்றை நூலாகப் போகும் ஊர். எழுத உட்கார்ந்தால் அதன் தனிமை தாங்க முடியாதது என்று அவள் சொன்னாள்.

இரண்டு அம்மா வழியில் தங்கை திரும்ப வருகிறாள், ஆனால் விசித்திரமாக. வள்ளியும் தெய்வானையும் ஜோடி என்று வைத்துக்கொள்வோம். வள்ளி சுமந்த பிள்ளைக்குத் தெய்வானை கொடுத்தவள். தெய்வானை சுமந்த பிள்ளைக்கு வள்ளி கொடுத்தவள். பிள்ளைகள் இரண்டும் கூடப்பிறந்தவர்கள். ஆனால் அக்காவைப் பெற்றவள் தங்கைக்குக் கொடுத்தவள், தங்கையைப் பெற்றவள் அக்காவுக்குக் கொடுத்தவள். ஒரே பட்டகசாலையில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளும் ஒரே ஆளை வேறு வேறு முறை சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கல்யாண முறை இன்னும் சிக்கல். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். கொள்வினை கொடுப்பினை கிடையாது. பிள்ளைக்கு அப்பாவின் கோயில், எங்கள் பேச்சில் அப்பச்சியின் கோயில். ரத்தம் நெருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள நல்ல ஏற்பாடு. இதை அப்படியே கோளுக்குக் கொண்டுபோய், பிள்ளைக்குச் சுமந்தவளின் கோயில் என்று அவள் எழுதியிருந்தாள். வள்ளி இளையாத்தங்குடி, தெய்வானை மாத்தூர் என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கச் சொன்னேன். அக்கா இளையாத்தங்குடி, தங்கை மாத்தூர். கோயில் வேறு, ஆகவே கூடப்பிறந்த இருவரும் ஜோடி சேர விதி தடை சொல்லவில்லை! மூன்று நாள் யோசித்து, சுமந்தவள் கோயில், கொடுத்தவள் கோயில் இரண்டையும் விலக்க வேண்டும் என்று மாற்றினாள். அப்போது ஒருத்திக்கு மிஞ்சுவது ஏழு கோயில்கள். அந்த ஏழில் ஆள் கிடைக்காத ஒருத்திதான் இப்போது கதாநாயகி.

உடல் வலு, காவல், உழைப்பு பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. வேலைப் பிரிவினை வயதை வைத்தும் பிள்ளை சுமக்கும் மாதங்களை வைத்தும் அமையும். பாரம் தூக்குபவர்களும் சண்டைக்குப் போகிறவர்களும் அவர்களிலேயே இருப்பார்கள்.

மொழியில் மட்டும் கவனம் வேண்டும். ஆண் என்ற சொல் இல்லாத ஊரில் பெண் என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. ஆள் என்றால் போதும். 'பெண்கள் எல்லாரும் கூடினார்கள்' என்று கதைசொல்லி எழுதினால், அவர் வெளியாள் என்று தெரிந்துவிடும். 'அவன்' போய்விட்டால் 'அவள்' என்பதும் பெண்பாலைக் குறிக்காது, வெறும் ஒருமையாகிவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் சிக்கல் இது, 'வந்தான்', 'வந்தாள்' என்று படர்க்கை வினைமுற்றில் பால் ஒட்டிக்கொண்டிருப்பதால்.

கொடுத்தவளை எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். சுமந்தவள் ஆத்தா, அதில் சந்தேகமில்லை. மற்றவளுக்குச் சின்னாத்தா என்றேன். அது தங்கை முறை, குழப்பும் என்றாள். கொடையாத்தா என்றேன், ஒப்புக்கே வைத்த பெயர் மாதிரி இருக்கிறது என்றாள். நேற்று புதிய பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்று வருஷம் அடுத்த நிலவில் கணக்கு எழுதப் போயிருந்தவள் ஊர் திரும்பும் இடம். முகப்பில் இரண்டு பிள்ளைகளும் காத்து நிற்கிறார்கள். சின்னவள் ஆத்தா என்று கத்திக்கொண்டு ஓடுகிறாள். பெரியவள் நின்ற இடத்திலேயே நின்று உள்ளே பார்த்துச் சொல்கிறாள்: "அப்பச்சி வந்துட்டா."